என்னை இரண்டாம் எதிரியாகச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
லிஃப்ட் ஆபரேட்டர் (ஓய்வு),
கண்ணாடிக் கடைக்குப் பின்வீடு.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வெடிபொருள் உரிமம் மற்றும் அமலாக்கப் பிரிவு,
மூன்றாம் தளம்.

பொருள்: பொழுதுபோக்குக்காகப் பெரிய வாணங்களை வைத்திருந்ததாக என் மைத்துனர் மீது மட்டும் தொடுக்கப்பட்ட வழக்கு – அதில் அரசுத் தரப்பின் முதல் சாட்சியாக உள்ள என்னை நீக்கி, இரண்டாம் எதிரியாகச் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதுபவர் இதை எழுதுகிறார். அலுவலக நடைக்குப் பொருந்தாது என்று அவர் திருத்திய இடங்கள் உண்டு. திருத்தக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்த இடங்களும் உண்டு. தங்களுக்குக் கோபம் வருகிற இடங்கள் எல்லாம் என்னுடையவை. அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

1. தங்கள் அலுவலகம் இருக்கும் இதே கட்டடத்தில்தான் நான் ஓய்வு பெறும்வரை லிஃப்ட் ஓட்டினேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். மாடிக்கு அது போதும் என்று வேலைக்கு எடுத்தார்கள். தங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரையும் ஏற்றி இறக்கியிருக்கிறேன். யார் எந்தத் தளத்தில் என்ன காரியமாக இறங்கினார் என்பது முகத்தைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஞாபகம் வரும். என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, கண்ணாடி வெட்டும் தொழில் செய்பவர். ஜன்னல், அலமாரி, படச்சட்டம் எதுவானாலும் அளவெடுத்து வெட்டிப் பொருத்தித் தருவார். புயலில் உடைந்துபோன தங்கள் அறை ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டவரும் அவர்தான். தாங்கள் அதன் வழியாகத்தான் வெளியே பார்க்கிறீர்கள்.

2. பெரிய வாணம் விடுவது எங்கள் இருவருக்கும் ஆசை. நாங்கள் எதையும் சொந்தமாகச் செய்ததில்லை. அனுமதி பெற்ற வியாபாரியிடம் வாங்கி, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில், தீயணைப்பு நிலையத்தில் சொல்லிவிட்டு, வாணம் ஏற்றும் குழாய்களை மணலில் ஆழப் புதைத்து, அவற்றிலிருந்து வாணம் விடுவோம். தீயணைப்பு அதிகாரியே தன் பிள்ளைகளோடு வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறார். இந்த வயதில் இதில் என்ன சுகம் என்று தங்கள் பிரிவில் பலர் கேட்டார்கள். ஒருவரும் பதிலுக்காகக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் இரும்புப் பெட்டிக்குள் நின்று உத்தியோகம் பார்த்தவன். மேலே போனதை எல்லாம் கீழே கொண்டுவந்து சேர்க்கத்தான் எனக்குச் சம்பளம். மேலே போய் அங்கேயே தீர்ந்துபோகிற ஒன்றைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. மைத்துனருக்கோ பொழுது விடிந்தால் எதையும் உடையாமல் பார்த்துக்கொள்கிற தொழில். சிதறினால் சந்தோஷப்படலாம் என்று அவருக்கு இருந்தது இந்த ஒன்றுதான்.

3. இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். வழக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

வாணத்தை நாங்கள் ஒருநாளும் வெடி என்று சொன்னதில்லை. எங்கள் பேச்சில் வெடி என்றால் தவறிப்போன வாணம். மேலே போகாமல் குழாய்க்குள்ளேயே வெடிப்பது. அது ஆளைக் கொல்லும். குவாரியில் அந்தச் சொல்லை வாய்தவறிச் சொன்னவர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த சட்டம். தீயணைப்பு அதிகாரியும் வாங்கித் தந்திருக்கிறார்.

இது ஏதோ எங்கள் குவாரிக் கிறுக்கு என்று தாங்கள் தள்ளிவிடலாம். அப்படியென்றால் தங்கள் கட்டடத்தைக் கேளுங்கள். பாறை உடைக்கிறவர்களும் கிணறு வெட்டுகிறவர்களும் வெடி உரிமத்துக்கு மூன்றாம் தளத்தில் இறங்குவார்கள். வாணம் விற்கிறவர்களும் விடுகிறவர்களும் ஐந்தாம் தளத்தில் இறங்குவார்கள். "வெடியெல்லாம் மூணு, வாணமெல்லாம் அஞ்சு" என்று நான் குரல் கொடுக்காத வேலைநாள் கிடையாது. மாறி இறங்கியவரை மூன்றாம் தளத்துக்காரர்கள் திட்டித் திருப்பி அனுப்புவார்கள். "ஏம்ப்பா, வாணத்தை எல்லாம் இங்க கொண்டாந்து இறக்குற, உனக்குக் கண்ணு இல்லையா?" என்று கூடவே எனக்கும் விழும். இரண்டும் வேறு வேறு என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. தங்கள் அலுவலகத்தில் திட்டு வாங்கிப் படித்தேன்.

4. புதிய சட்டத்தைக் குறைகூற இந்த மனுவை எழுதவில்லை. வேறோர் ஊரில் கல்யாண வீட்டு மொட்டை மாடியில், குடித்திருந்த சிலர் பெரிய வாணம் ஒன்றைப் பூந்தொட்டியில் நட்டுக் கொளுத்தினார்கள். அது சாய்ந்து கூட்டத்துக்குள் போய் ஒரு பெண்ணுக்குக் கண் போயிற்று. அதன் பிறகே, இனிமேல் தனி ஆட்கள் பெரிய வாணம் வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டும் விடலாம் என்று சட்டம் வந்தது. அந்தப் பெண்ணின் தகப்பனாக நான் இருந்தால் இதைவிடக் கடுமையான சட்டம் கேட்டிருப்பேன். நாங்கள் அன்றோடு நிறுத்திவிட்டோம். மைத்துனர் குழாய்களைக் கவிழ்த்துப் போட்டார்.

ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விளையாட்டரங்கத் திறப்பு விழாவில் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று விட்ட வாணம், வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்து கார்கள் எரிந்தன. தாங்களும் மேடையில் இருந்தீர்கள். அந்த நிறுவனத்துக்குத் தங்கள் பிரிவு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதாகக் கேள்வி. எரித்தவர்களுக்குக் கடிதம். எரிக்காமல் வைத்திருந்தவருக்குக் கம்பி. இதை எடுத்துவிடலாம் என்று மனு எழுதுபவர் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

5. சட்டம் வந்த பிறகு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவித்தார்கள். வீட்டிலோ கடையிலோ வெடி வைத்திருப்பவர்கள் கெடு முடிவதற்குள் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்றார்கள். அப்போது நான் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மைத்துனர் கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டே, "மாமா, நம்மகிட்ட வெடி எங்க இருக்கு? இருந்திருந்தா நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டோமே" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அழுதுகொண்டிருக்கிறோம்.

ஆயினும் அவர் எதையும் அரைகுறையாக விடுகிறவர் அல்ல. மீதமிருந்த வாணங்களை என்ன செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று என்னை அழைத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வாணத்துக்கு ஐந்தாம் தளம்தானே என்று அங்கே போனோம். அறையில் ஆள் இல்லை. உடைந்த நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். இறங்கி மூன்றாம் தளத்துக்கு வந்தோம். வாசலில் இருந்த காவலாளி, "வெடி ஒப்படைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "வெடி இல்லீங்க, வாணம்" என்றேன். "அப்ப இங்க இல்ல, போங்க போங்க, உள்ள கூட்டமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அதே பதிலைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன்.

6. கெடு முடிவதற்குச் சற்று முன்பு தங்கள் பிரிவின் ஆய்வாளர் என் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, வீட்ல வெடி ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றார். "ஒண்ணுகூட இல்லீங்க" என்றேன். "வேற எங்கயாவது?" என்றார். "எங்கயும் இல்லீங்க. வெடின்னா எங்களுக்கு ஆகாது" என்றேன். "உங்க மச்சான் வச்சிருக்காரா?" என்றார். "அவரா? அந்தப் பேரைச் சொன்னாலே கோவிச்சுக்குவாரு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என் விரலைப் பிடித்து மையில் தோய்த்து ஒற்றிக்கொண்டார்.

ஐயா, இதற்கடுத்து நான் சொன்னது அவர் எழுதியதில் இல்லை. "வாணம் இருக்குதுங்க, பாக்கணும்னா வாங்க, கடையில காட்டறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். "உங்க வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுங்க பெரியவரே, வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்ச் செம்போடு நின்ற என் மனைவி இதைக் காதால் கேட்டாள்.

7. கெடு முடிந்த மறுவாரம் கண்ணாடிக் கடையைச் சோதனை போட்டார்கள். பின்னறையில் பெட்டிகள் இருந்தன. அவை எங்கள் இருவருக்கும் பொது. நான் அப்போது அங்கே இல்லை. நடந்ததைப் பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். யாருடையவை என்று கேட்டதற்கு மைத்துனர், "எனக்கும் எங்க மாமாவுக்கும்" என்று சொல்லியிருக்கிறார். உடனே ஆய்வாளர் என் ரேகை இருந்த தாளை எடுத்துக் காட்டி, "உங்க மாமா அப்படி எதுவுமே தன்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டாரே" என்றிருக்கிறார். மைத்துனர் அந்தத் தாளில் இருந்த ரேகையைப் பார்த்தாராம். பிறகு, "மாமா இல்லைன்னு சொன்னாரா? அவரு சொன்னா சரிதான். எல்லாம் என்னோடதுன்னே எழுதிக்குங்க" என்றாராம்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார் என்கிறார் பெயின்ட் கடைக்காரர். அது எந்தச் சிரிப்பு என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடிக் கடையில் நாங்கள் சிரித்தோமே, அந்தச் சிரிப்பா? அல்லது சொந்த அக்காள் புருஷனே காலை வாரிவிட்டான் என்று தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பா? என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, என் முகத்தில் துப்புவதற்காகச் சொன்னாரா? தங்கள் பிரிவு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. இதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

8. அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று சிறைக்குப் போனேன். பார்க்க மறுத்துவிட்டார். மறுபடி போனேன். மறுபடியும் வரவில்லை. தன் அக்காளை மட்டும் பார்க்கிறார். "மாமாவை அலைய வேணாம்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். வயதானவர், வெயிலில் வர வேண்டாம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். முகத்தில் விழிக்காதே என்றும் கொள்ளலாம். நான் ராப்பகலாக இரண்டு பொருளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொல்லின் வித்தியாசத்தை விளக்கப் பார்த்தேன். "என் தம்பி உள்ள இருக்கான். நீங்க வெளிய இருக்கீங்க. எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க" என்றாள். தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். உப்பு இருக்கிறதா என்று கேட்பதில்லை. கடை பூட்டிக் கிடக்கிறது. பாதி வெட்டிய கண்ணாடி மேசையிலேயே இருக்கிறது. தெருவில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். "சம்சாரத்தோட தம்பியப் புடிச்சுக் குடுத்துட்டு இவரு கிளீனா வந்துட்டாரு பாருய்யா, லிஃப்ட்ல பழகின ஆளு, தான் மேல போக அவனைக் கீழ அனுப்பிட்டாரு" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. விழுந்தது.

9. இப்போது எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. அதைப் படித்துச் சொன்னவர்தான், நான் அரசுத் தரப்பின் முதல் சாட்சி, என் மைத்துனர் எதிரி என்று சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவரைக் காகிதத்தில் எதிரி என்றுதான் எழுதுவார்களாம். என் கல்யாணத்தில் என் செருப்பை ஒளித்து வைத்த நாள் முதல் அவரை எத்தனையோ பெயர் சொல்லி அழைத்திருக்கிறேன். இந்தப் பேர் எனக்குத் தோன்றியதே இல்லை.

அரசு வக்கீலைப் பார்த்து, பெட்டிகளில் பாதி என்னுடையவை என்றேன். "பெரியவரே, நீங்க நாணயமான மனுசன்னு ஆய்வாளரே எழுதியிருக்காரு. அன்னைக்குச் சொன்னதை அப்படியே கோர்ட்டுலயும் சொல்லுங்க, போதும்" என்றார். உண்மையைத்தானே ஐயா சொல்கிறேன் என்றேன். "இப்ப போய் இப்படிச் சொன்னா, மச்சானைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்கன்னுதான் நினைப்பாங்க" என்றார். பொய்யன் என்று எழுதியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாணயமானவன் என்று எழுதி, அந்த நாணயத்தாலேயே ஒரு மனிதனைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இதற்கு எங்கே போய் முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

10. தங்கள் பிரிவுக்கும் வந்தேன். லிஃப்ட் இப்போது தானாக ஓடுகிறது. மூன்றாம் தளத்தில் இருந்த எழுத்தரிடம் வெடி, வாணம் வித்தியாசத்தைச் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம் பெரியவரே. இப்ப ரெண்டும் ஒரே பிரிவு, சட்டத்துல ரெண்டும் வெடிபொருள்தான்" என்றார். ஒப்படைக்க வந்தபோது வேறாக இருந்தது, பிடிக்க வந்தபோது ஒன்றாகிவிட்டதா என்று கேட்டேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். என்னையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளும்படி நான் கேட்டதற்கு, "எல்லாரும் கேஸ்லேருந்து பேரை எடுங்கன்னு வருவாங்க. சேர்க்கச் சொல்லி வந்த முதல் ஆளு நீங்கதான். அதுக்கு இங்க ஃபாரமே கிடையாது" என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இந்த மனு நேராகத் தங்களுக்கு வருகிறது.

மேற்கண்ட காரணங்களால் தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வன:

அ) நான் வெடி இல்லை என்று சொன்னது, வாணம் இல்லை என்று சொன்னது ஆகாது என்பதையும், வாணத்தைக் காட்டுகிறேன் என்று அப்போதே நான் அழைத்ததையும் என் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். செருப்பு மாட்டியபடி சிரித்தது அவருக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் என் மனைவியைக் கூப்பிடுங்கள். அவளுக்கு என் மேல் கோபம். அதனால் எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்ல மாட்டாள்.

ஆ) பறிமுதல் செய்த பெட்டிகளில் நீல நாடா கட்டியவை என்னுடையவை. சிவப்பு நாடா மைத்துனருடையவை. யாருடையதை முதலில் விடுவது என்று எங்களுக்குள் சண்டை வரும், அதற்காகக் கட்டியது. பறிமுதலின்போது எடுத்த புகைப்படத்தில் நாடா தெரியும். நீலத்துக்கு உரிய குற்றத்தை என் பேரில் பதிவு செய்ய வேண்டும். சாட்சிப் பட்டியலிலிருந்து என்னை எடுத்து, இரண்டாம் எதிரியாகச் சேர்க்க வேண்டும்.

இ) வாணங்களைத் திருப்பிக் கேட்கவில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு அழித்துவிட்டீர்கள் என்றால் அது சரியே. சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. வயதைக் காட்டிச் சலுகையும் கேட்கவில்லை. ஒரே குற்றத்தை இரண்டு பேர் செய்திருக்கும்போது ஒருவருக்குச் சிறையும் ஒருவருக்குப் பாராட்டும் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன்.

ஈ) என் கோரிக்கை ஏற்கப்பட்டு நானும் உள்ளே அனுப்பப்பட்டால், எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட வேண்டாம். என்னைப் பார்க்க அவருக்கு விருப்பம் இல்லை. அதை நான் மீற மாட்டேன். பக்கத்து அறை போதும். சுவருக்கு அந்தப்பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டால், அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தாமதிக்காமல் உத்தரவிட வேண்டி, தங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே காத்திருக்கும்,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
லிஃப்ட் ஆபரேட்டர் (ஓய்வு)

இடம்: அலுவலக வாசல்
நாள்: சாட்சி விசாரணைக்கு முந்தைய திங்கட்கிழமை